முதுகும் மண்ணும்

புறநானூற்றில் மற்போரைக் காட்டும் பாடல்கள் மிகச் சில. அவற்றுட் பெரும்பாலானவை ஒரே மனிதனைச் சுற்றியே நிற்கின்றன. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத செய்தியைச் சாத்தந்தையார் பாடுகின்றார். ஒரு காலை எதிரியின் மார்பின்மேல் அழுத்தி, மறு காலால் அவன் தப்பும் சூழ்ச்சிகளைப் பின்னின்று தடுத்த நிலையை அப்புலவர் எழுத்தில் நிறுத்தியிருக்கும் நுட்பம், இன்றைய தொலைக்காட்சி வர்ணனையாளர் ஒருவரையும் வெட்கமுறச் செய்யும். மகனோடு மனம் வேறுபட்டிருந்த தந்தை தித்தன், விரும்பினாலும் வெறுத்தாலும், இக்காட்சியைக் காணவேண்டும் என்பது அப்புலவரின் ஆசை. அதே மல்லனை இன்னொருவரும் பாடியுள்ளார். அவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். பனைமரத்தடியிற் பொருந்தி நின்று, ஊரார் சிலர் வெற்றி என்றும் சிலர் வெற்றியன்று என்றும் வாதிட, அவன் வென்றதைத் தன் கண்ணாற் கண்டதாக அவர் கூறுகின்றார். களத்தில் நிற்பவன் ஆண். மரத்தடியில் நிற்பவள் பெண். இந்த ஏற்பாடு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பெரிய மாற்றமின்றி நிலைத்தது எனலாம்.

மரத்தடியிலிருந்து களத்துக்கு வந்த பெண்கள் இடையிடையே இல்லாமலில்லை. 1954ஆம் ஆண்டில் ஹமிதா பானு என்ற மல்யுத்த வீராங்கனை வட இந்தியாவைக் கலக்கினார். மிர்சாப்பூரிற் பிறந்து அலிகாரிற் பயிற்சி பெற்றவர் அவர். தம்மை மல்யுத்தத்தில் வெல்லும் ஆடவனையே மணப்பதாக அவர் விடுத்த அறைகூவல் அவ்வாண்டு பெப்ரவரியிற் பத்திரிகைகளில் வெளியாயிற்று. மே மாதம் பரோடாவில் பாபா பகல்வானை அவர் வீழ்த்துவதற்கு எடுத்த நேரம் 1 நிமிடம் 34 வினாடி. ஐந்தடி மூன்றங்குல உயரமும் 108 கிலோ எடையும் உடைய அப்பெண்ணை ஊர் வியந்தது. அதே ஊர் கல்லெறியவும் செய்தது. அவர் அருந்திய பாலின் அளவையும் உண்ட முட்டைகளின் எண்ணிக்கையையும் அக்காலப் பத்திரிகைகள் வரிசைப்படுத்தின. அவர் எந்தப் பிடியைப் போட்டு வென்றார் என்பதை எழுதுவதில் அவை அத்துணை அக்கறை காட்டவில்லை. போரிடும் பெண்ணைப் பற்றி எழுதுவோருக்கு இன்றும் இந்நோய் முற்றாக நீங்கிவிடவில்லை. அவள் என்ன உடுத்தாள், எதை உண்டாள், யாரை மணந்தாள் என்பன எழுதப்படும். எப்படிப் போரிட்டாள் என்பது ஒரு வரியில் முடிந்துவிடும். ரிது போகாட்டைப் பற்றிய இக்கட்டுரை அந்த ஒரு வரியையே விரித்துப் பார்க்க முயல்கின்றது.

போகாட் குடும்பத்தின் கதை பலரும் அறிந்ததே. ஹரியாணா மாநிலத்தின் பலாலிக் கிராமத்தில் மகாவீர் சிங் போகாட் என்ற முன்னாள் மல்லர் தம் புதல்வியரை ஆண்பிள்ளைகளைப் போலத் தலைமயிர் கத்தரித்துக் கோதாவில் இறக்கினார்; ஊர் சிரித்தது; 2010ஆம் ஆண்டு டெல்லி கொமன்வெல்த் விளையாட்டு விழாவில் மூத்தவர் கீதா தங்கமும் இளையவர் பபிதா வெள்ளியும் வென்றபோது சிரிப்பு அடங்கியது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'டங்கல்' திரைப்படம் இக்கதையை உலகெங்கும் கொண்டுசென்றது. அப்படம் மூத்த இருவரோடு நின்றுவிடுகின்றது. மூன்றாம் மகளான ரிதுவுக்கு அதில் இடமில்லை. 1994 மே 2இற் பிறந்த அவர், தமக்கையர் புகழின் நிழலிலேயே பயின்று, 2016ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடைபெற்ற கொமன்வெல்த் மல்யுத்தப் போட்டியில் 48 கிலோ பிரிவிலே தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு போலந்தில், 23 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியில் வெள்ளி. ஒலிம்பிக் வாயில் எட்டும் தூரத்திலே தெரிந்த காலம் அது.

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் மல்யுத்தத்தை விட்டு விலகிச் சிங்கப்பூருக்குச் சென்றார். அங்குள்ள இவோல்வ் பயிற்சிக்கூடத்திற் சேர்ந்து கலப்புத் தற்காப்புக் கலையைப் பயிலத் தொடங்கினார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஓராண்டே இருந்த வேளையில் இம்முடிவு பலருக்கும் விளங்கவில்லை. ஒரு குடும்பமே ஒரு கலைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்திருக்கும்போது, அக்குடும்பத்துப் பெண் இன்னொரு கலையை நாடுவது ஏறத்தாழ மதம் மாறுவது போன்றது. தித்தனின் மகன் தந்தையை மீறி மல்லனானான். ரிதுவோ மல்லரான தந்தையின் மகளாயிருந்து, அவர் கற்பித்த கலையையே கையிற் கொண்டு வேறொரு களம் புகுந்தார். தந்தை தடுக்கவில்லை என்பதை அவரே பேட்டிகளிற் கூறியிருக்கின்றார். ஆயினும் தந்தையின் சம்மதம் அக்களத்தின் விதிகளை மாற்றிவிடப் போவதில்லை.

அவ்விதிகளை இங்கே சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். கலப்புத் தற்காப்புக் கலையில் குத்தலாம், உதைக்கலாம், முழங்கையாலும் முழங்காலாலும் தாக்கலாம், வீழ்த்தலாம், வீழ்ந்தவரை மூட்டுப் பூட்டாலோ கழுத்து நெரிப்பாலோ பணியவைக்கலாம். பொதுவாக ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று. ரிது பொருத 'வன் சம்பியன்ஷிப்' அமைப்பின் போட்டிகள் வட்ட வடிவமான கூண்டினுள் நடைபெறுவன. மல்யுத்தத்தில் இருப்பவையோ மூன்று நிமிடச் சுற்றுகள் இரண்டு. ஆனாற் கால அளவு இங்குப் பெரிதன்று. முதுகைப் பற்றிய கொள்கையிலேதான் இரு கலைகளும் முற்றாகப் பிரிகின்றன.

மல்யுத்தத்தில் இரு தோள்களும் தரையிற் பட்டால் ஆட்டம் முடிந்தது. அக்கணமே தோல்வி. கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நம் பழமொழி பரிகாசம் செய்வதும் இம்மண்ணை வைத்துத்தான். (மீசையில்லாத மல்லருக்கு அப்பழமொழி என்ன ஆறுதல் தரும் என்பதை மொழியறிஞர் எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.) ஆதலால், வீழ்த்தப்பட்ட மல்லர் குப்புறப் புரண்டு வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொள்வதே மல்யுத்தம் தரும் முதற் பாடம். பல்லாண்டுப் பயிற்சியில் இஃது எண்ணிச் செய்யும் செயலாக இராமல், இமை கண்ணைக் காப்பது போல் உடம்பின் இயல்பாகவே ஆகிவிடுகின்றது. கலப்புத் தற்காப்புக் கலையில் இதே இயல்பு எமனாகின்றது. குப்புறப் புரண்டவரின் முதுகு எதிரிக்குக் கிடைக்கின்றது. முதுகு கிடைத்தவருக்குக் கழுத்து கிடைக்கின்றது. மாறாக, மல்லாந்து கிடப்பவர் அங்கே தோற்றவராகார். அவருடைய இரு கால்களும் மேலேயிருப்பவரின் இடையைச் சுற்றி வளைத்திருக்கும். அந்நிலையிலிருந்து கையைப் பூட்டலாம், கழுத்தை நெரிக்கலாம், புரட்டி மேலே வரலாம். மண்ணிற் பட்ட முதுகே தாக்குதலின் அத்திவாரமாகின்றது.

யப்பானிய ஜூடோ நிபுணர் மித்சுயோ மயேடா பிரேசிலுக்குக் கொண்டுசென்று கிரேசி குடும்பத்தினருக்குக் கற்பித்த கலை, அங்கே இத்திசையில் வளர்ந்து பிரேசிலிய ஜியு ஜிட்சு ஆயிற்று. 1994 டிசெம்பரில் அமெரிக்காவின் தல்சா நகரில் நடந்த ஒரு போட்டி இதற்கு நல்ல சான்று. டான் செவர்ன் என்ற பெருமல்லர், தம்மைவிட மிகச் சிறிய உடம்பினரான ரோய்ஸ் கிரேசியை வீழ்த்தி, ஏறத்தாழ பதினைந்து நிமிடம் அவர்மேற் கவிந்திருந்தார். பார்வையாளர் பலர் கிரேசியின் கதை முடிந்ததென்றே எண்ணினர். கீழே மல்லாந்திருந்த கிரேசி தம் கால்களை மெல்ல உயர்த்திச் செவர்னின் கழுத்தையும் ஒரு கையையும் முக்கோணமாக வளைத்து இறுக்கினார். மேலேயிருந்தவர் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அன்று தொடக்கம், மேலேயிருப்பவரே வெல்பவர் என்ற ஆதி நம்பிக்கை கலப்புத் தற்காப்புக் கலையுலகிற் செல்லாக்காசாயிற்று.

ரிதுவின் போர்முறையை இந்தப் பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும். அவருடைய ஆயுதம் ஒன்று. அதனை அவர் ஒளித்ததுமில்லை. எதிரி குத்தவோ உதைக்கவோ ஓர் அடி முன்வைத்த கணத்தில் இடுப்பைத் தாழ்த்தி, முழங்காலை முன்செலுத்தி, தோளை எதிரியின் தொடையிலோ வயிற்றிலோ பொருத்தி, இரு கைகளாலும் முழங்காலின் பின்புறத்தைக் கவ்வி, ஒரே உந்தலிற் சரித்துவிடுவார். சில வேளைகளில் ஒரு காலை மட்டும் பற்றித் தூக்கிக் கூண்டின் வலைவரை தள்ளிச் சென்று வீழ்த்துவார். வீழ்ந்த எதிரியின்மேல் இடைவெளியின்றிக் கவிந்து, மார்பின் பாரம் முழுவதையும் இறக்கி, கையொன்றைத் தப்பவிடாமல் அமுக்கிக்கொண்டு மற்றக் கையாற் குத்துவார். சாத்தந்தையார் காட்டும் நிலைக்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை. அக்குத்துகள் ஒவ்வொன்றும் பேரிடியல்ல. ஆனால் அவை நிற்பதில்லை. தடுக்க வழியின்றி ஒருவர் அடிவாங்கிக்கொண்டிருப்பதைக் கண்டால் நடுவர் போட்டியை நிறுத்துவார் என்பது விதி. ரிது அந்த விதியைக்கொண்டே வென்றார்.

2019 நவம்பர் 16இல் பீஜிங் நகரில் நடந்த முதற் போட்டியிலே தென்கொரிய வீராங்கனை நாம் ஹீ கிம்மை முதற் சுற்றின் 3 நிமிடம் 37 வினாடியில் இம்முறையால் வென்றார். அடுத்த போட்டி 2020 பெப்ரவரியின் இறுதியில், சிங்கப்பூர் உள்ளரங்கில், பெருந்தொற்றின் அச்சத்தால் பார்வையாளர் எவரும் அனுமதிக்கப்படாத நிலையில் நடந்தது. தாய்வானைச் சேர்ந்த வூ சியாவ் சென்னோடு மூன்று சுற்றுகளும் பொருது, நடுவர்களின் ஏகமனதான தீர்ப்பால் வென்றார். அவ்வாண்டு ஒக்டோபரில் கம்போடியாவின் நௌ ஸ்ரே பௌவையும் டிசெம்பரிற் பிலிப்பைன்ஸின் ஜோமரி டொரெஸையும் தரையிலே வைத்துக் குத்தி, நடுவர் இடைநிறுத்தத்தால் வென்றார். நான்கு போட்டி, நான்கு வெற்றி. 'இந்தியப் பெண்புலி' என்ற பட்டம் நிலைத்தது. (அப்பட்டத்தைத் தமிழிற் பெயர்த்து இலங்கையில் அச்சிடுவோர் ஒரு கணம் தயங்குவர் என்பது வேறு விடயம்.)

2021 மே மாதத்தில் 'டங்கல்' என்ற பெயரிலேயே அவ்வமைப்பு ஒரு போட்டித் தொடரை ஒளிபரப்பியது. இந்திய வம்சாவளியினரான கனடிய வீரர் அர்ஜன் புல்லர் அதில் அதிகனரகப் பட்டத்தை வென்றார். குடும்பத்தின் திரைப்படப் பெயரைத் தாங்கிய அந்த அரங்கிலேதான் ரிது முதன்முதலாகத் தோற்றார். வியட்நாமிய அமெரிக்கரான பி நுயென் என்பாரிடம் நடுவர்கள் பிளவுபட்ட தீர்ப்பால் அவர் தோற்றமை பலருக்கு வியப்பளித்தது. ஆனால் அத்தீர்ப்பின் உட்பொருள் வியப்புக்குரியதன்று. மல்யுத்தத்தில் எதிரியை வீழ்த்தியவுடனே புள்ளி கிடைக்கின்றது. புள்ளி பலகையில் ஏறியபின் அதனை எவரும் பறிக்கமுடியாது. இங்கே அவ்வாறன்று. வன் அமைப்பு சுற்றுச் சுற்றாகப் புள்ளியிடுவதில்லை. போட்டி முழுவதையும் ஒன்றாக நோக்கியே தீர்ப்பளிக்கின்றது. எதிரியை முடிவுக்கு அண்மையிற் கொண்டுசென்றவர் யார் என்பது முதலாவது அளவுகோல். ஏற்படுத்திய சேதம் அடுத்தது. வெறுமனே வீழ்த்தியமைக்குரிய மதிப்பு அதன்பின்னரே வருகின்றது. பலாலியிற் சிறு வயது தொடக்கம் பொன்னாக எண்ணப்பட்ட நாணயம், எல்லை கடந்ததும் செம்பின் விலைக்கு இறங்கிவிட்டது போலாயிற்று இது.

அத்தோல்விக்குப் பின் அவ்வாண்டில் அவர் பொருத வேகத்தை வைத்தே அவருடைய மன உறுதியை அளந்துவிடலாம். ஜூலையில் சீனாவின் லின் ஹெச்சினை வென்றார். செப்ரெம்பர் 3இல் பெண்களுக்கென்றே அவ்வமைப்பு முதன்முறையாக நடத்திய அரங்கில், பெரும் பரிசுத் தொடரின் காலிறுதியாக, மெங் போவைச் சந்தித்தார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஜாங் வெய்லியை அவரது முதற் போட்டியிலேயே 2013இற் தோற்கடித்தவர் இந்த மெங் போ. முதற் சுற்றில் ரிது திணறினார். அவர் பாய்ந்த பாய்ச்சல்கள் தடுக்கப்பட்டன; கனத்த குத்துகள் முகத்தில் இறங்கின. இரண்டாம் சுற்றிலிருந்து காலைப் பிடிப்பதும் வீழ்த்துவதும் மீண்டும் பிடிப்பதுமாக எதிரியின் மூச்சைக் குறைத்து, இறுதியில் ஏகமனதான தீர்ப்பைப் பெற்றார். அவருடைய போட்டிகளுள் மிகச் சிறந்தது இதுவே என்று துணிந்து கூறலாம். நடுவர் இடைநிறுத்திய போட்டிகளிற் கண்ட வேகத்தைவிட, அடி வாங்கியபின்னும் அதே பாய்ச்சலை ஏழாவது தடவையும் எட்டாவது தடவையும் பாயும் பிடிவாதமே அவருடைய உண்மையான கலை. அரையிறுதியில் இட்சுகி ஹிராட்டா விலகியமையால் மாற்றாக வந்த பிலிப்பைன்ஸின் ஜெனலின் ஒல்சிமையும் ஒக்டோபரில் வென்றார்.

2021 டிசெம்பர் 3. இறுதிப் போட்டி, சிங்கப்பூர் உள்ளரங்கு. எதிரே தாய்லாந்தின் ஸ்டாம்ப் பெயர்டெக்ஸ். இவரும் தந்தையிடமிருந்து கலையைப் பெற்றவர். முவாய் தாய் வீரரான தந்தை ஐந்து வயதிலேயே அவருக்குக் கற்பித்தார். முவாய் தாய், கிக் பொக்ஸிங் ஆகிய இரண்டிலும் அதே அமைப்பின் பட்டங்களை வென்றிருந்தவர். எனவே, நின்றால் ஸ்டாம்ப், வீழ்ந்தால் ரிது என்பதே பொதுக் கணிப்பாயிருந்தது. தகப்பன்மார் கற்பித்த இரு கலைகள் எதிரெதிராக நின்றன எனலாம். அக்கணிப்பு தலைகீழாயிற்று. ரிது தாம் விரும்பியபடியே பற்றினார், தாம் விரும்பியபடியே வீழ்த்தினார், மேலே கவிந்தார். மல்யுத்தக் கணக்கில் அவர் வென்றுகொண்டிருந்தார். இரண்டாம் சுற்றில், உதைகளுக்குப் பெயர்பெற்ற ஸ்டாம்ப், முதுகு தரையிற் பட்டபடியே, தம் கால்களை ரிதுவின் தோளுக்கு மேலாக உயர்த்தினார். கையொன்று அகப்பட்டது. அக்கையைத் தம் மார்போடு அணைத்து இடுப்பை உயர்த்தினார். முழங்கை மூட்டு மடங்காத பக்கமாக மடங்கத் தொடங்கியது. 2 நிமிடம் 14 வினாடியில் ரிது தட்டினார்.

தட்டுதல் என்ற இச்செயல் மல்லர் குலத்திற்கு முற்றிலும் அந்நியமானது. மல்யுத்தத்திற் புள்ளியாற் தோற்கலாம், முதுகு படத் தோற்கலாம்; இரண்டையும் அறிவிப்பவர் நடுவர். தோற்றவர் வாய் திறக்கவேண்டியதில்லை. தீர்ப்புத் தவறென்று வாழ்நாள் முழுதும் நம்பிக்கொண்டிருக்கவும் அவருக்கு உரிமையுண்டு. பூட்டுக்குள் அகப்பட்டவருக்கு அந்த வசதி இல்லை. எலும்பு முறிவதா, தோல்வியை ஒப்புவதா என்பதை அரை வினாடியில் தாமே தெரிந்து, தம் உள்ளங்கையாலேயே அறிவிக்கவேண்டும். தோற்கக் கூடாது என்றே வளர்க்கப்பட்ட பெண்ணொருத்தி, இருபத்தேழாவது வயதில், பல நாடுகள் பார்த்திருக்க, எதிரியின் உடம்பில் மெல்லத் தட்டினார். அத்தட்டலுக்கு அவர் தந்தையின் கோதாவிற் பெயரே இல்லை. வீம்புக்காகத் தட்டாதிருந்து கையை முறித்துக்கொண்டோரும் இக்கலையின் வரலாற்றில் உளர். அவர்களை வீரரெனக் கொண்டாடும் மனப்பாங்கு இன்னும் சிலரிடம் உண்டு. மறுநாள் கையோடு எழும்பியவரே மீண்டும் பயிற்சிக்குப் போகக்கூடியவர் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

ஸ்டாம்ப் 2023 செப்ரெம்பரில் கலப்புத் தற்காப்புக் கலைப் பட்டத்தையும் வென்று, மூன்று கலைகளிற் பட்டம் பெற்றவரானார். ரிதுவோ 2022 செப்ரெம்பர் 29இல் சிங்கப்பூரின் டிஃபனி டியோவிடம் முதற் சுற்றிலே தோற்றார். இம்முறை முதுகு எதிரிக்குக் கிடைத்தது. பின்னிருந்து கழுத்து நெரிக்கப்பட்டது. மேலேயிருந்தபோது கை, திரும்பியபோது கழுத்து என, மல்யுத்தம் பழக்கிய இயல்புகள் ஒவ்வொன்றாகக் கடன்காரரைப் போல வந்து கதவைத் தட்டின எனலாம். ஒருவருடைய பலமும் பலவீனமும் இரு வேறு பொருள்கள் என்று எண்ணுவது வழக்கம். ரிதுவில் அவை ஒரே பயிற்சியின் இரு முகங்கள். அந்தப் பாய்ச்சல் இல்லாவிட்டால் அவருக்கு ஏழு வெற்றிகளும் இல்லை. அந்தப் பாய்ச்சலை நாடியமையாலேயே எதிரியின் பூட்டுக்குள் அவர் தாமாகச் சென்று புகுந்தார். அவருடைய ஏழு வெற்றிகளுள் மூன்று நடுவர் இடைநிறுத்தத்தால், நான்கு தீர்ப்பால் வந்தவை. பூட்டினால் எவரையும் அவர் பணியவைக்கவில்லை.

இங்கே எடையைப் பற்றியும் ஒரு சொல். ரிதுவின் ஒன்றுவிட்ட சகோதரியும் அதே மகாவீர் சிங்கிடம் பயின்றவருமான வினேஷ் போகாட், 2024 ஓகஸ்ட் மாதம் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டிக்குத் தெரிவானபின், காலை நிறுவையில் 100 கிராம் கூடியிருந்தமையால் தகுதி நீக்கப்பட்டார். இரவு முழுவதும் உண்ணாமலும் உறங்காமலும் வியர்வை சிந்தியும் குறையாத அந்த 100 கிராமை இந்தியா எளிதில் மறக்காது. வன் அமைப்பின் ஏற்பாடு இதனின்று வேறுபட்டது. 2015 டிசெம்பரிற் சீன வீரரொருவர் எடை குறைக்கும் முயற்சியிற் உயிரிழந்தபின், உடம்பிலுள்ள நீரை வற்றவைத்து எடை குறைப்பதை அவ்வமைப்பு தடைசெய்து, எடையோடு நீரளவையும் சோதிக்கத் தொடங்கியது. அதனாலேயே பிற அமைப்புகளில் 105 இறாத்தலாக உள்ள பிரிவு அங்கே 115 இறாத்தலாக, அதாவது சுமார் 52 கிலோவாக, வகுக்கப்பட்டது. 48 கிலோவிற் பழகிய ரிதுவுக்கு இதனாற் பட்டினி நீங்கியது. எதிரிகளோ தம்மினும் உயர்ந்தோராய் அமைந்தனர். நெடிய கையும் காலும் உடையவரை அண்மிப்பதே ஒரு பாடு. அண்மித்தபின் அதே நெடிய கால்கள் கழுத்தைச் சுற்றி வருவது இன்னொரு பாடு.

இலங்கையிற் கலப்புத் தற்காப்புக் கலையைக் கண்டால் இன்னும் பலர் முகம் சுளிக்கின்றனர். பெண்கள் அதில் இறங்குவது பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் நிலம் சற்றே அசைந்திருக்கின்றது. 2022ஆம் ஆண்டு பேர்மிங்ஹாம் கொமன்வெல்த் விளையாட்டு விழாவில் நெத்மி பொருதொட்டகே மகளிர் மல்யுத்தத்தில் இலங்கைக்கு வெண்கலம் ஈட்டினார். அதே ஆண்டு ஜனவரியிற் பாகிஸ்தானில் நடந்த சவேட் குத்துச்சண்டைப் போட்டியில் முல்லைத்தீவைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி தங்கம் வென்று திரும்பினார். போரும் இடப்பெயர்வும் தின்ற மண்ணிலிருந்து கையுறையோடு ஒரு பெண் புறப்பட்டமை பத்திரிகைகளிற் சில நாள் பேசப்பட்டது.

களனி கங்கைக்கு வடக்கே ஹெந்தளை, வத்தளைப் பகுதிகளிலும், தெற்கே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், சனிக்கிழமைக் காலைகளில் வெள்ளைச் சீருடையும் நிறப்பட்டியுமாகக் கராத்தே வகுப்புக்குச் செல்லும் சிறுமியரைக் காணலாம். எட்டு வயதிற் செல்பவர் பலர். பத்து வயதிலும் செல்வர். சாமத்தியச் சடங்கு முடிந்தபின் அவ்வரிசை மெலிந்துவிடுகின்றது. சாதாரண தரப் பரீட்சை அண்மிக்கும்போது ஓரிருவரே எஞ்சுவர். அவர்களுக்கும் அயலார் கேள்வி ஒன்று காத்திருக்கும்: "இனியும் என்னத்துக்குப் பிள்ளை இது? முகத்தில காயம் பட்டாக் கலியாணம் பேசேக்க என்ன சொல்லுறது?" கேட்பவர் தீயவரல்லர், பெரும்பாலும் பிள்ளையின்மேல் அன்புள்ள மாமியோ பெரியம்மாவோதான். அலுமாரியின் அடித்தட்டில் மடித்து வைக்கப்படும் அப்பட்டிகள் பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருக்கும். கறுப்பாக இருப்பது அரிது. பலாலியில் ஊர் கேட்ட கேள்வியும் இதுவே. அங்கே ஒரு தந்தை காதைப் பொத்திக்கொண்டார். ஆனால் தந்தையின் பிடிவாதத்தால் மட்டுமே களம் புகும் நிலை ஒரு பெண்ணுக்கு முழு விடுதலையாகுமா என்ற வினாவும் இங்கே எழுகின்றது. 'டங்கல்' படத்தைப் புகழ்ந்தோர் பலர் அவ்வினாவை விரைந்து கடந்து சென்றனர். கீதாவையும் பபிதாவையும் கோதாவில் இறக்கியது தந்தையின் விருப்பம். ரிதுவையும் அவ்வாறே. எனினும் சிங்கப்பூருக்கு விமானம் ஏறியது ரிதுவின் சொந்த விருப்பம். அவ்விருப்பம் ஒலிம்பிக் பதக்கத்தை அவருக்கு மறுத்திருக்கலாம். அங்கே அவர் வாங்கிய அடிகளும் பெற்ற தோல்விகளும், வேறெவருடைய கனவுக்காகவும் ஏற்றவையல்ல.

டியோவிடம் தோற்றபின் ரிது நெடுங்காலம் களத்திற் காணப்படவில்லை. அவ்விடைவெளியில் அவர் தாயானார். 2025 பெப்ரவரி 20இல், கட்டார் நாட்டில், முப்பதாவது வயதில், மீண்டும் கூண்டினுள் நுழைந்தார். எதிரே யப்பானின் அயாக்கா மியூரா. ஜூடோவிலிருந்து வந்தவர், எதிரியின் தலையையும் ஒரு கையையும் சேர்த்து அணைத்துச் சாய்த்து, பக்கவாட்டிற் கிடந்தபடியே அக்கையைத் தம் கால்களுக்கிடையே மடக்கிப் பூட்டுவதிற் பெயர்பெற்றவர். அப்பிடிக்கு அவர் பெயரையே இரசிகர்கள் சூட்டியிருந்தனர். அவரை அண்மித்துப் பற்றுவது ஆபத்து என்பதைப் பயிற்சியாளர் எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ரிது அண்மித்துப் பற்றினார். மியூரா அவரைப் பூட்டிப் பணியவைத்தார். அந்த இரவு முடிந்தபோது கணக்கு ஏழு வெற்றி, நான்கு தோல்வி என்று நின்றது.